கொச்சைக்கும் இலக்கணம் உண்டு

பண்டைத் தகடூராகிய தருமபுரியின் சந்தைகளில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் ஒலிக்கும். இவை ஒரே குடும்பத்தவை என்பதைக் கால்டுவெல் 1856-இல் விரிவாக நிறுவினார். ஆயினும் ஏட்டில் ஏறாத பேச்சை ஆராய்வதற்குரிய பொருளாகப் புலவர் பலர் நெடுநாள் கருதவில்லை. அக்குறையைப் போக்க முன்வந்தவற்றுள் ஒன்று, அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறை. தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் வளர்த்த அத்துறை 1963-இல் உயராய்வு மையமாயிற்று. பின்னர் அகத்தியலிங்கனார் தலைமை ஏற்றார். எழுத்தில்லா மொழிகளும் அங்கே ஆய்வுப் பொருளாயின. இருள மொழியின் ஒலியமைப்பைப் பற்றிய பெரியாழ்வாரின் நூல் 1979-இல் வெளிவந்தது.

மாணவர்களே, 'படித்து' என்பதை நீங்கள் 'படிச்சு' என்பீர்கள். 'எடுத்து' என்பதையோ 'எடுச்சு' என்பதில்லை. வினையெச்சத்தில் இகர ஐகாரங்களை அடுத்த தகரம் இவ்வாறு திரிகிறது. விடைத்தாளில் 'படிச்சு' என்பதைச் சிவப்பு மையால் சுழிக்கும் ஆசிரியரும், வீட்டுத் திண்ணையில் இவ்விதியினின்று வழுவுவதில்லை!