தோல் ஊரில் ஒரு தடுப்பூசி நிலையம்

வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை என்றாலே தோல் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். கால்நடைகளுக்கான தடுப்பூசியும் ராணிப்பேட்டையில் தயாராகிறது என்பது பலருக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் வெக்கை நோய் வந்தால் தொழுவமே காலியாகிவிடும். 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அதற்கும் தடுப்பு மருந்து தயாரித்தது. இந்தியாவில் வெக்கை கடைசியாகக் காணப்பட்டது 1995-ல். 2011-ல் உலகை விட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

ஆனால் அதே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டுக்கொல்லி நோய் இன்னும் ஒழியவில்லை. இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டது 1987-ல், விழுப்புரம் பக்கம் அரசூரில். நாலு ஆடு வைத்திருக்கும் ஏழைக்கு அந்த ஆடுகள்தான் முதல், சேமிப்பு எல்லாம். வெக்கையை ஒழித்தது ஊர் ஊராகப் போட்ட ஊசி. ஆட்டுக்கும் அப்படிப் போட்டால்தான் அந்த முதல் மிஞ்சும்.