‘வட சென்னை’ன்னா கத்தி, ‘வடக்கன்’னா பயம்: நேரில் பழகாதவங்களைப் பற்றிய கருத்து நமக்கு எங்கிருந்து வருது?

சென்ட்ரலுக்குப் போகும் ரயில்கள் பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் வந்து அடிக்கடி நின்றுவிடும். உள்ளே பிளாட்பாரம் காலியாகணும். ஐந்து நிமிஷமும் ஆகலாம், அரை மணி நேரமும் ஆகலாம். அந்த நேரத்தில் பெட்டிக்குள் யாராவது ஒருத்தர் சொல்லிவிடுவார்: "போனை உள்ள வைங்க, ஜன்னல் பக்கம் கையை நீட்டாதீங்க. இது ஒரு மாதிரியான ஏரியா."

சொல்கிறவர் பெரும்பாலும் அந்த ஏரியாவில் ஒருமுறைகூட இறங்கியிருக்க மாட்டார்.

ரயில் மெதுவாகப் போகும்போது செல்போன் பறித்த வழக்குகள் இந்தப் பாதையில் பதிவாகியிருப்பது உண்மைதான். ஆனால் வேறு இடத்தில் நடந்தால் அதை ‘சம்பவம்’ என்கிறோம். இங்கே நடந்தால் ‘ஏரியாவே அப்படித்தான்’ என்கிறோம். ஒரு சம்பவம் எப்படி ஒரு ஏரியாவின் குணமாக மாறுகிறது? அரசியல், கலாசாரம் பற்றி நாம் தினமும் பேசும் பல கருத்துகளுக்கு அடியில் இருப்பது இந்தக் கேள்விதான்.

தலைக்குள் இருக்கும் படம்

1922-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மேன் பொதுக்கருத்து பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நாம் உலகத்தை நேராகப் பார்ப்பதில்லை, தலைக்குள் ஏற்கெனவே இருக்கும் படங்கள் வழியாகத்தான் பார்க்கிறோம் என்பது அவரது வாதம். அந்தப் படங்களுக்கு அவர் வைத்த பெயர் ‘ஸ்டீரியோடைப்’. அது அச்சுத் தொழிலில் இருந்து வந்த சொல். ஒரு பக்கத்தை ஒருமுறை உலோகத்தில் வார்த்துவிட்டால், அதே தகட்டை வைத்து எத்தனை ஆயிரம் பிரதி வேண்டுமானாலும் அடிக்கலாம். நம்ம ஊரிலும் ‘அச்சுல வார்த்த மாதிரி’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான்.

வட சென்னைக்கான அச்சை வார்த்ததில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. சந்திரபாபு, லூஸ் மோகன் காலத்தில் மெட்ராஸ் பாஷை சிரிக்க வைக்கப் பயன்பட்டது. பிறகு அதே பாஷை அடியாளின் அடையாளமானது. 2000-களுக்குப் பிறகு துறைமுகம், படகு, கத்தி, குறுகிய சந்து என்று காட்சியே ஒரு ஃபார்முலாவாகிவிட்டது. திருநெல்வேலியிலோ ஈரோட்டிலோ இருப்பவருக்கு ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி எல்லாம் தெரியும். திரையில் பார்த்துத் தெரியும்.

திரைக்கு வராத வட சென்னையும் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்தில் இருந்துதான் புறப்பட்டது. பேசின் பிரிட்ஜுக்குக் கொஞ்ச தூரத்தில் இயங்கிய பக்கிங்ஹாம் - கர்நாடிக் மில் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னை தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் அது ஒன்று. வேலை நேரம், கூலி, மரியாதை பற்றிய அரசியல் பேச்சு இந்தத் தெருக்களில் நூறு வருஷத்துக்கு முன்பே நடந்திருக்கிறது. ‘வட சென்னை’ என்று சொன்னதும் எத்தனை பேருக்கு இது ஞாபகம் வரும்?

கேரம் போர்டு ஞாபகம் இருக்கா?

வெற்றிமாறன் இயக்கிய ‘வட சென்னை’ 2018 அக்டோபரில் வெளியானது. அதன் நாயகன் ஒரு கேரம் வீரர். ஆனால் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாயில் முதலில் வருவது கத்தியும் சிறையும்தான். படம் வந்ததும் மீனவ மக்கள் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது. இயக்குநர் வருத்தம் தெரிவித்தார், படகில் வரும் ஒரு காட்சி நீக்கப்பட்டது. தங்களைப் பற்றி எடுத்த படத்துக்கு அந்த ஊர்க்காரர்களே பதில் சொன்ன அபூர்வமான தருணம் அது.

ஆறு வருஷம் கழித்து, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா மூன்று தங்கம் வென்றார். ஆட்டோ ஓட்டுநரின் மகள், 17 வயது. கேரம் இந்தப் பகுதிக்கு சினிமா கொடுத்த கற்பனை இல்லை, தெருவில் தினமும் நடக்கும் விளையாட்டு. காசிமா செய்தி ரெண்டு நாள் ஓடியது. ஒரு கொலைச் செய்தி எத்தனை நாள் ஓடும் என்பது உங்களுக்கே தெரியும். இதில் எங்களைப் போன்ற செய்தி சேனல்களுக்கும் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது. எண்ணூர் எங்கள் திரைக்கு வருவது பெரும்பாலும் எண்ணெய் கொட்டும்போதுதான். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதியபோது வந்தது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்தபோது வந்தது. அதே மாதக் கடைசியில் அமோனியா கசிந்தபோது மறுபடியும் வந்தது. நடுவில் இருந்த கிட்டத்தட்ட ஏழு வருஷமும் அங்கே மக்கள் அதே காற்றைத்தான் சுவாசித்தார்கள்.

அச்சை மாற்றிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். பா.ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) முழுக்க ஒரு ஹவுசிங் போர்டு சுவரைச் சுற்றி நடக்கிற கதை. அந்தச் சுவரில் யார் படம் வரையப்படும் என்பதுதான் சண்டையே. ஒரு படத்துக்கு இவ்வளவு அதிகாரம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2017-ல் எண்ணூர் கழிமுகத்தில் நின்று டி.எம்.கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்கு பாடல்’ யூடியூபில் பரவியது. அதுவரை வசைச் சொல்லாகவே கேட்டுவந்த ‘புறம்போக்கு’க்கு ‘எல்லோருக்கும் பொதுவான நிலம்’ என்ற பழைய அர்த்தமும் உண்டு என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. அதே யூடியூப்தான். அது கருத்தைக் கெட்டியாக்கவும் செய்யும், உடைக்கவும் செய்யும்.

2023 மார்ச்: பாலத்தைக் கடந்த வதந்தி

இப்போது அதே பேசின் பிரிட்ஜில் நிற்கும் இன்னொரு ரயிலைப் பார்ப்போம். பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்டில் இருந்து சென்ட்ரலுக்கு வரும் தொழிலாளர்கள் இந்த ஜங்ஷனைத் தாண்டித்தான் ஊருக்குள் வருகிறார்கள். பெட்டிக்குள் தமிழ்ப் பயணிகள் ‘ஒரு மாதிரியான ஏரியா’ என்று ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதைப் போல, பெட்டிக்குள்ளேயே இவர்களையும் ஒரு மாதிரியாகப் பார்ப்பது கடந்த சில வருஷங்களில் கூடிவிட்டது. ‘வடக்கன்’ என்ற சொல் மீம்களில் சாதாரணமாகப் புழங்குகிறது.

2023 தொடக்கத்தில் இது ரெண்டு பக்கமும் ஏறியது. ஜனவரியில், திருப்பூரில் வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழர்களைத் துரத்துவதாக ஒரு வீடியோ இங்கே பரவியது. டீக்கடையில் தொடங்கிய சின்னத் தகராறு அது என்று போலீஸ் விளக்கியது. பிப்ரவரியில், ஓடும் ரயிலில் ஒருவர் வட மாநிலத் தொழிலாளர்களைத் திட்டித் தாக்கும் வீடியோ வந்தது. அது நிஜம், ரயில்வே போலீஸ் வழக்குப் போட்டு அவரைக் கைது செய்தது.

அடுத்துதான் பெரிய அலை. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள் பரவின. பீகார் நாளிதழ்களில் செய்தி வந்தது, சட்டமன்றத்தில் அமளி நடந்தது. மார்ச் 2 அன்று பீகார் முதல்வர் நிதிஷ் குமார், பத்திரிகைகள் மூலம் இதை அறிந்ததாக ட்விட்டரில் பதிவிட்டார். ஒரு மாநில முதல்வருக்கே தகவல் வந்த வழியைக் கவனியுங்கள்.

தமிழ்நாடு டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு உடனே மறுப்பு வெளியிட்டார். பரவிய வீடியோக்களில் ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்குள்ளேயே திருப்பூரில் நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்றார். தமிழ்நாட்டுக் கொலை என்று சுற்றிய வேறொரு வீடியோ, ராஜஸ்தானின் ஜோத்பூரில் ஒரு வழக்கறிஞர் கொல்லப்பட்ட காட்சி. யூடியூபர் மணீஷ் காஷ்யப் பகிர்ந்த ஒரு வீடியோ பாட்னாவில் வாடகை வீட்டில் நடித்து எடுக்கப்பட்டது என்று பீகார் போலீஸே சொன்னது. அவர் கைது செய்யப்பட்டார். அவர் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டத்தைப் போட்ட உத்தரவை 2023 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. பொய்த் தகவலுக்கு எவ்வளவு கடுமையான சட்டத்தைப் பயன்படுத்தலாம் என்பது தனி விவாதம்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மார்ச் 8 ஹோலி. ஒவ்வொரு வருஷமும் ஹோலிக்கு முன்பு வட மாநில ரயில்கள் நிரம்பி வழியும், சென்ட்ரலில் நிற்கவே இடம் இருக்காது. அந்த வருஷமும் அப்படித்தான். ஆனால் அந்தக் கூட்டத்தின் படம் போனில் வந்தபோது, கூடவே ஒரு வரி சேர்ந்து வந்தது: ‘உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்.’ படம் நிஜம். கூட்டம் நிஜம். சேர்த்த வரி மட்டும் பொய். இந்த மாதிரி பொய்யைப் பிடிப்பதுதான் ரொம்பக் கஷ்டம்.

பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பியது. முதல்வர் ஸ்டாலின் மார்ச் 4 அன்று நிதிஷ் குமாருடன் போனில் பேசினார். மாவட்டங்களில் இந்தி தெரிந்தவர்களை வைத்து உதவி எண்கள் திறந்தார்கள். அதற்குள், கொல்லப்படவே இல்லாத மகனுக்காக எத்தனை அம்மாக்கள் பீகாரில் தூங்காமல் இருந்திருப்பார்கள்? சிலர் நிஜமாகவே பயந்து கிளம்பினார்கள். முதலாளிகளுக்கோ ஆள் திரும்பி வருமா என்ற கவலை.

படிச்சவங்களும் ஏன் நம்புறாங்க?

முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஏற்கெனவே தலைக்குள் இருக்கும் படத்தோடு பொருந்தும் தகவலை நாம் சோதிப்பதில்லை. ‘தமிழர்களுக்கு இந்திக்காரர்களைப் பிடிக்காது’ என்ற படம் அங்கே ரொம்ப நாளாக இருக்கிறது. ‘வடக்கன் வந்தால் நம்ம வேலை போச்சு’ என்ற படம் இங்கே இருக்கிறது. வீடியோ வந்து அதில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது.

2018-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான எம்ஐடி ஆய்வு, 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளைப் பார்த்தது. உண்மையைவிடப் பொய் மறுபகிர்வாகும் வாய்ப்பு 70% அதிகம். அதற்கு முக்கியக் காரணம் தானியங்கிக் கணக்குகள் இல்லை, மனிதர்கள்தான். பொய் புதுசாக இருக்கும், திகைக்க வைக்கும். உண்மை பெரும்பாலும் ‘டீக்கடைத் தகராறு’ அளவில்தான் இருக்கும்.

அந்த டீக்கடையையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் வட சென்னையில் கட்சிப் படிப்பகத்திலோ டீக்கடையிலோ ஒரே நாளிதழைப் பத்துப் பேர் பிரித்துப் படிப்பார்கள். ஒருத்தர் சத்தமாகப் படிக்க, இன்னொருத்தர் "அதெல்லாம் இல்லப்பா, நான் அங்கதான் இருந்தேன்" என்று மறுப்பார். அங்கேயும் பொய் உண்டு, வதந்தி உண்டு, சாதிப் பேச்சும் உண்டு. அதை மறந்துவிட்டு ஏங்க வேண்டியதில்லை. ஆனால் பத்துப் பேரும் ஒரே செய்தியைப் பார்த்தார்கள். 1993-ல் சன் டிவி, 2006-ல் இலவச கலர் டிவி என்று வந்தபோதும் வீட்டுக்கு ஒரு திரைதான். 2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிவான பிறகு ஆளுக்கு ஒரு திரை. நம்ம ஆள் போனில் ஓடுவதை அவரால் படிக்க முடியாது, அவர் போனில் ஓடுவது நமக்குப் புரியாது. பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே லிஃப்டில் மூட்டை ஏற்றுகிறவர்கள்தான்.

ஒரு ஃபார்வர்டு உயிரையும் எடுக்கும்

2018 மே மாதம், எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில், குழந்தை கடத்த வந்தவர் என்று சந்தேகப்பட்டு ஒருவரை ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. அதே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டி ஒருவர் அதே சந்தேகத்தில் கொல்லப்பட்டார். ரெண்டுக்கும் முன்பு அந்தப் பகுதிகளில் சுற்றிக்கொண்டிருந்தது, ‘வட மாநிலத்தில் இருந்து கடத்தல்காரர்கள் வந்திருக்கிறார்கள்’ என்ற வாட்ஸ்அப் செய்தி. அந்தக் காலத்தில் இந்தியா முழுக்கப் பரவிய வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திருப்பிக் கொடுக்கும் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினார்கள்.

நாடு முழுக்க இப்படிக் கொலைகள் நடந்த பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றியது. 2020-ல், பலமுறை கைமாறிய செய்தியை ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும் என்றானது. உங்கள் போனில் ரெட்டை அம்புக்குறி போட்டு வரும் செய்தி அந்த ரகம்தான். அனுப்பியவர் சித்தப்பாவாக இருக்கலாம். எழுதியவர் அவர் இல்லை.

சரிபார்ப்பது யார்?

தமிழ்நாடு அரசு 2023-ல் ‘தகவல் சரிபார்ப்பகம்’ தொடங்கியது. தவறான தகவல்களுக்கு அது மறுப்பு வெளியிடுகிறது. அரசைப் பற்றிய செய்தியை அரசே சரிபார்ப்பதா என்ற கேள்வியும் கூடவே வந்தது. நியாயமான கேள்விதான். மத்திய அரசும் இதேபோல் ஓர் அமைப்புக்கு விதி கொண்டு வந்தது, 2024 செப்டம்பரில் பாம்பே உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. தனியார் சரிபார்ப்புத் தளங்கள் தமிழில் இருக்கின்றன. ஆனால் தமிழர்களைப் பற்றி போஜ்புரியில் சுற்றும் வீடியோ அவர்கள் கண்ணுக்கு வருவதற்குள் அது பாட்னாவைத் தாண்டிவிடும்.

2024 ஜூனில் எழுத்தாளர் பாஸ்கர் சக்தி இயக்கிய ஒரு படம் வெளியானது. வட மாநிலத் தொழிலாளி ஒருவரை வெறுக்கும் தமிழ்த் தொழிலாளியைப் பற்றிய கதை. வெறுப்பைக் கேள்வி கேட்கும் அந்தப் படத்துக்கு முதலில் வைத்த பெயர் ‘வடக்கன்’. தணிக்கைக் குழு அந்தப் பெயரை ஏற்கவில்லை. ‘ரயில்’ என்று மாற்றித்தான் தியேட்டருக்கு வந்தது.