நொத்தாரிசும் நொத்தேரும்

எங்கட தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் ஒரு ஐயாவை நாங்கள் எல்லோரும் "நொத்தாரிசு ஐயா" என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் பல வருடம் காணி உறுதி எழுதியவர். போன வருடம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பொடியன் தனக்கு மரணசாசனம் எழுதித் தரும்படி கேட்டான். ஐயா சிரித்துப்போட்டு, "தம்பி, அந்தப் பட்டம் கட்டுநாயக்காவோடை போச்சு. இஞ்சை அது என்ரையில்லை" என்றார். அந்தக் கதைதான் என்னை இதை எழுத வைத்தது.

நொத்தாரிசு என்பது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தவர்கள் 1795 வரை இருந்தார்கள். அவர்களுடைய 'நொத்தாரிஸ்' எங்கட வாயில் நொத்தாரிசு ஆனது. அப்புக்காத்து, பிறக்கிராசி எல்லாம் ஐரோப்பியச் சொற்கள்தான். பிறகு வந்த ஆங்கிலேயர் பழைய சட்டங்களை அப்படியே வைத்திருப்பதாக 1799இல் அறிவித்தார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம், காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்றது. அதனால்தான் நொத்தாரிசு வீட்டு விறாந்தையில் எப்போதும் சனம்.

இஞ்சையும் கிட்டத்தட்ட அதே கதை. 1760இல் மொன்றியல் ஆங்கிலேயர் கையில் விழுந்தது. ஆனாலும் 1774ஆம் ஆண்டுச் சட்டம் சொத்து விடயங்களில் பிரெஞ்சுச் சட்டத்தை விட்டுவைத்தது. ஆகவே 'நொத்தேர்' தப்பினார். இன்றும் கியூபெக்கில் வீட்டை ஈடு வைத்துக் கடன் எடுக்க அவர் எழுதும் பத்திரம் வேண்டும். மூலப்பிரதி அவரிடமே இருக்கும். ஒன்ராறியோவில் நடப்பது ஆங்கிலச் சட்டம். அங்கே வீட்டு அலுவல் வழக்கறிஞருடையது, 'நோட்டறி' பெரும்பாலும் கையெழுத்தையும் சத்தியக்கடதாசியையும் உறுதிப்படுத்துகிறவர். என் நண்பர் ஒருவர் ரொறன்ரோ அண்ணையின் கதையைக் கேட்டு, "முத்திரை குத்திற ஆளுக்கு ஏன் இவ்வளவு காசு?" என்று இழுத்தடித்து, வாங்க இருந்த வீட்டையே கைவிடப் பார்த்தார். முத்திரைக்கு இஞ்சை வேறு ஆள், சத்தியப்பிரமாண ஆணையாளர். ஊரில் சமாதான நீதவானிடம் போவோமே, அதுபோல.

1973ஆம் ஆண்டைக் கவனியுங்கள். அந்த வருடம் இலங்கையில் வந்த நீதி நிருவாகச் சட்டம் அப்புக்காத்தையும் பிறக்கிராசியையும் ஒன்றாக்கி 'சட்டத்தரணி' ஆக்கியது. சனம் விட்டதா? அப்புக்காத்து அப்புக்காத்துத்தான். 1963இல் கிராமத் தலைமைக்காரர் பதவியை எடுத்துக் கிராம சேவகரைப் போட்டபோதும், வந்தவரை விதானையார் என்றுதானே கூப்பிட்டோம்! எங்கட ஊரில் பட்டம் கொடுப்பது அரசாங்கம், வைத்திருப்பது ஊர் வாய்.

அதே 1973இல் கியூபெக் 'தொழில்கள் கோவை' என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. நொத்தேர், வைத்தியர், பொறியியலாளர் என்ற பெயர்கள் அந்தந்தத் தொழிற்சங்கப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டுமே. பொய்யாகப் போட்டால் தண்டம். சனத்தைக் காப்பாற்றத்தான் இந்தச் சட்டம், அதைப் பிழை சொல்ல மாட்டேன். 1977ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தின்படி அந்தத் தொழிலுக்குத் தேவையான பிரெஞ்சும் தெரியவேண்டும். ஐம்பது வயதில் வந்திறங்கிய ஐயா எந்தப் படியில் ஏறுவார்?

பொடியனுக்கு அவர் விளங்கப்படுத்தினார்: முழுவதையும் சொந்தக் கையால் எழுதிக் கையெழுத்து வைத்தாலும் இஞ்சை செல்லும், ஆனால் செத்தபிறகு அதைச் சரிபார்ப்பிக்க வேண்டும். நொத்தேர் எழுதினால் அந்த அலைச்சல் இல்லை. பொடியன் ஐயாவையும் கூட்டிக்கொண்டு ஒரு நொத்தேரிடம் போனான். அந்த அம்மா மூலப்பிரதியைத் தன்னிடமே எடுத்து வைத்ததை ஐயா பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"எங்கட புறொட்டக்கோல் மாதிரித்தான்" என்று அடுத்தநாள் பெட்டி அடுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்.