அசிபியின் இரத்தம்

“முட்டை சாப்பிட்டா உங்களுக்கு ஏதும் செய்யிறதோ?”

கொழும்பில் ஊசி போடப் போன இடத்தில் தாதி கேட்ட முதல் கேள்வி இதுதான் என்று அண்ணா வந்து சொன்னார். (அண்ணா என்றால் பெரியம்மாவின் மகன்.) உகண்டாவில் ஒரு கட்டட வேலைக்குப் போக வெளிக்கிட்டவர். மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டு, அதற்கான மஞ்சள் அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் போனால்தான் அட்டை செல்லும் என்பதை அவரை அனுப்பின ஏஜென்சி சொல்லவே இல்லை. டிக்கெட் ஏழாம் நாள். காசு கட்டி டிக்கெட்டை மாற்றினது தனிக்கதை.

எனக்கு அந்த முட்டைக் கேள்விதான் மண்டைக்குள் நின்றது. நுளம்பால் வரும் நோய்க்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்? தேடிக்கொண்டு போனால் கதை 1927இல் மேற்கு ஆபிரிக்காவின் ஒரு கிராமத்தில் போய் நின்றது. அதற்கு முன்னுக்கும் கொஞ்சம் போகவேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் வைரஸ் ஆபிரிக்காவைச் சேர்ந்தது. அமெரிக்கக் கண்டத்துக்கு அதைக் கொண்டுபோனவை அடிமைக் கப்பல்கள். எங்களுக்கு டெங்கு தருகிற அதே ஈடிஸ் நுளம்புதான் இதற்கும் வாகனம். கப்பலின் தண்ணீர்ப் பீப்பாய்களில் முட்டையிட்டுப் பெருகி அது கடல் தாண்டியது. பிறகு நடந்ததைப் பார்த்தால் வரலாறு பழி வாங்கின மாதிரி இருக்கும். 1802இல் ஹெய்ட்டியில் அடிமைகளின் எழுச்சியை அடக்க நெப்போலியன் அனுப்பின படையை இந்தக் காய்ச்சல் அள்ளிக்கொண்டு போனது. தளபதி லெக்லேர்க்கும் அந்த நவம்பரில் அதிலேயே செத்தார். 1804 ஜனவரி 1இல் ஹெய்ட்டி சுதந்திரம் அறிவித்தது. (நுளம்புதான் விடுதலை வாங்கித் தந்தது என்று சிலர் எழுதுவார்கள். போராடினது மனிதர்கள். அதை மறக்கக் கூடாது.)

அதற்குக் கொஞ்சம் முன்னர், 1793இல், அன்றைக்கு அமெரிக்காவின் தலைநகராக இருந்த பிலடெல்பியாவில் சுமார் 5,000 பேர் செத்தார்கள். வசதியான ஆக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். கறுப்பின மக்களுக்கு இந்த நோய் தொற்றாது என்று பெஞ்சமின் ரஷ் என்ற பெயர்பெற்ற வைத்தியர் நம்பி, நோயாளரைப் பார்த்துக்கொள்ள அவர்களை அழைத்தார். வந்தார்கள், பராமரித்தார்கள், பிணம் தூக்கினார்கள். அவர்களும் செத்தார்கள், ஏனென்றால் ரஷ் சொன்னது பிழை. கடைசியில் மத்தியூ கேரி என்ற பதிப்பாளர், கறுப்பினத் தாதிகள் சிலர் அநியாயக் காசு வாங்கினார்கள், களவெடுத்தார்கள் என்று எழுதினார். அப்சலோம் ஜோன்ஸும் ரிச்சர்ட் அலனும் 1794இல் தாங்களே ஒரு பிரசுரம் வெளியிட்டு அதற்குப் பதில் சொன்னார்கள். உதவிக்குப் போய்ப் பழியும் கேட்ட ஆக்கள், தங்கட கதையைத் தாங்களே எழுதவேண்டி வந்தது.

நுளம்புதான் காரணம் என்று கியூபா வைத்தியர் கார்லோஸ் ஃபின்லே 1881இலேயே சொல்லிவிட்டார். ஒருவரும் பெரிதாகக் கணக்கெடுக்கவில்லை. 1900இல் வோல்டர் ரீட் தலைமையில் அமெரிக்க இராணுவக் குழு ஹவானாவுக்குப் போய் அதை நிரூபித்தது. அந்தக் குழுவின் ஜெஸி லசியர் காய்ச்சல் வந்து இறந்தார். ஸ்பெயினிலிருந்து வந்து குடியேறியவர்களையும் காசு கொடுத்துச் சோதனையில் சேர்த்தார்கள்: சம்மதத்துக்கு 100 டொலர், காய்ச்சல் வந்தால் இன்னும் 100. ஸ்பானிய மொழியிலும் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வறிய ஒருவர் 100 டொலருக்குப் போடுகிற கையெழுத்து எவ்வளவு தூரம் சம்மதம் என்பது வேறு கேள்வி.

நுளம்பு பிடிபட்டது, கிருமி பிடிபடவில்லை. ரொக்பெல்லர் ஆய்வு நிலையத்தின் ஹிடெயோ நொகுச்சி, இது ஒரு பக்டீரியாவால் வருகிறது என்று அறிவித்து, அதை வைத்துத் தடுப்பூசியும் செய்தார். லத்தீன் அமெரிக்காவில் ஆக்களுக்கு அதைப் போட்டும் விட்டார்கள். ஒரு பிரயோசனமும் இல்லாத ஊசி.

இனித்தான் அசிபி வருகிறார். 1927 ஜூன் கடைசி. இன்றைய கானாவில் உள்ள க்பெவே என்ற ஊரில் 28 வயதுடைய அசிபிக்குக் காய்ச்சல். கடுமையான காய்ச்சலும் இல்லை. ரொக்பெல்லர் மன்றத்தின் மஞ்சள் காய்ச்சல் குழுவினர் அவரிடம் கொஞ்ச இரத்தம் எடுத்து விலங்குகளுக்கு ஏற்றினார்கள். ஒரு ரீசஸ் குரங்கு நோய் வந்து செத்தது. அந்த இனக் குரங்கு இந்தியாவுக்குரியது. ஆபிரிக்கக் குரங்குகளுக்கு இந்த வைரஸ் பழகிப் போயிருந்தது. ஆசியாவில் மஞ்சள் காய்ச்சல் ஒருநாளும் வேரூன்றவில்லை என்பதால் ஆசியக் குரங்கின் உடம்புக்கு அது புதிது. முதல் தடவையாக வைரஸை ஆய்வுகூடத்தில் பிடித்து வைக்க முடிந்தது.

அசிபி பிழைத்தார். அந்த வைரஸைத் தேடிப் போனவர்களில் பலர் பிழைக்கவில்லை. ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அதே ஆண்டு செப்ரெம்பரில் லாகோஸில் இறந்தார். தன் பக்டீரியாவைக் காப்பாற்றுவதற்காக அக்ராவுக்கு வந்த நொகுச்சி 1928 மேயில் மஞ்சள் காய்ச்சலாலேயே இறந்தார். அவருடன் வேலை செய்த வில்லியம் யங்கும் அதே மாதத்தில் போனார்.

தென்னாபிரிக்காவில் பிறந்த மக்ஸ் தைலர், நியூயோர்க்கில், அசிபியின் இரத்தத்திலிருந்து வந்த அதே வைரஸை எலிக்கரு, பிறகு கோழிக்கரு என்று திசுக்களில் நூற்றுக்கும் மேற்பட்ட தடவைகள் மாற்றி மாற்றி வளர்த்தார். இடையில் வைரஸ் தன் கொடூரத்தை இழந்தது. அதுதான் 17டி தடுப்பூசி. 1937இல் வந்தது. இன்றைக்கும் கோழி முட்டைக்குள்தான் அதை வளர்க்கிறார்கள். தாதியின் கேள்விக்குக் காரணம் அதுதான்: முட்டை ஒத்துவராத உடம்புக்கு இந்த ஊசியால் ஒவ்வாமை வரலாம்.

தைலருக்கு 1951இல் நோபல் பரிசு கிடைத்தது. பிழை விட்ட நொகுச்சியின் முகம் 2004இலிருந்து இருபது வருசம் ஜப்பானின் 1,000 யென் தாளில் இருந்தது. நான் வாசித்தவற்றில் அசிபியைப் பற்றி இருந்தது ஒரு பெயர், ஒரு வயது, ஒரு ஊர். அவர் என்ன தொழில் செய்தார், தன் இரத்தம் எங்கே போகிறது என்று அவருக்கு யாராவது சொன்னார்களா? அந்த வரிகள் எனக்கு அகப்படவில்லை. ஆனால் உலகில் இன்றைக்குப் பாவிக்கிற மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி எல்லாமே 17டியின் வழிவந்தவை, அதாவது அவருடைய இரத்தத்தின் வழிவந்தவை. அண்ணாவின் கையில் போனதும் அதுதான்.

தடுப்பூசி வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. 1942இல் அமெரிக்கப் படையினருக்குப் போட்ட ஊசியில் மனித சீரம் கலந்திருந்தது. அதிலிருந்து ஹெபடைட்டிஸ் பி தொற்றி சுமார் 50,000 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிறகு சீரம் இல்லாமல் செய்யத் தொடங்கினார்கள்.

இலங்கை ஏன் இந்த அட்டையில் கண்டிப்பாக இருக்கிறது என்பதும் குரங்குக் கதையோடு சேர்ந்ததுதான். நோயுள்ள நாடுகளிலிருந்து வருபவர்களிடம் இங்கேயும் அட்டை கேட்பார்கள். எங்களிடம் ஈடிஸ் நுளம்பு தாராளமாக இருக்கிறது, வைரஸ் மட்டும் இல்லை. 2016இல் அங்கோலாவில் நோய் பரவியபோது, அங்கே வேலை செய்துவிட்டுத் திரும்பின 11 பேர் மூலம் அது சீனா வரை வந்தது. நல்லவேளை, அதுக்கு மேல் பரவவில்லை. அவர்களும் அண்ணா மாதிரி வேலை தேடிப் போன ஆக்கள்தான்.

அதே 2016இல் கொங்கோவின் கின்ஷாசாவுக்கும் நோய் வந்தது. உலகத்தின் அவசரக் கையிருப்பு போதவில்லை. முட்டையில் வளர்க்கிற ஊசியை நினைத்தவுடன் செய்து தள்ள முடியாது. அதனால் ஓகஸ்டில் பெரியவர்களுக்கும் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் வழமையான அளவில் ஐந்தில் ஒரு பங்கைப் போட்டார்கள். உயிர் காக்க அது போதும் என்று ஆய்வுகள் காட்டின. வேறு வழியும் இருக்கவில்லை, நான் அதைக் குறை சொல்லவில்லை.

ஆனால் மஞ்சள் அட்டைக்கு அந்த ஐந்தில் ஒரு பங்கு செல்லாது. அந்த ஊசி போட்ட ஒருவர் பிறகு விமானம் ஏறவேண்டி வந்தால் முழு அளவில் இன்னொன்று போடவேண்டும். அண்ணாவுக்குப் போட்டது முழு அளவு. 2016 ஜூலையிலிருந்து வந்த விதியின்படி அவருடைய அட்டை வாழ்நாள் முழுவதும் செல்லும்.