கொண்டச்சிச் சலாபமும் நட்சத்திர மதிப்பீடும்

கடைக்கும் விடுதிக்கும் இணையத்தில் இடப்படும் நட்சத்திரங்களை நம்பலாமா என்று கேட்போர், எழுதியவர் நேர்மையானவரா என்பதையே முதலில் பார்க்கிறார்கள். முகம் தெரியாதவரின் மனத்தை எப்படி அளப்பது? மதிப்பீடு எந்த ஏற்பாட்டில் உருவானது என்பதையோ ஆராய முடியும். இலங்கையின் மன்னார்க் கரையில் நடந்த சலாபம் என்ற முத்துக்குளிப்பு அத்தகைய ஆய்வுக்கு நல்ல களம்.

பிரித்தானியர் காலத்தில் கொண்டச்சிக் குடாவில் படகுகள் கூடுமுன்பே, பார்கள் எனப்படும் கடலடித் திட்டுகளிலிருந்து மாதிரிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் தரம் பிரித்தார்கள். இருபது துளைத் தட்டில் தங்குவது பெருமுத்து. ஆயிரம் துளைத் தட்டில் தங்குவது பொடி. உருட்சியும் ஒளியும் தனியே பார்க்கப்பட்டன. பிறகு, ஆயிரம் சிப்பிக்கு இன்ன மதிப்பு என்று அரசு விளம்பரம் செய்தது.

விற்பதும் அரசு, மதிப்பிடுவிப்பதும் அரசு. கடைக்காரர் தமக்குத் தாமே ஐந்து நட்சத்திரம் இட்டுக்கொள்வது போலத்தான். ஆனாலும் தென்னிந்தியச் செட்டிமாரும் மரைக்காயர்களும் பணத்தோடு வந்தார்கள். விளம்பரத்தோடு காரியம் முடியவில்லை என்பதே காரணம். திறக்காத சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போயின. வாங்கியவர்கள் சிலவற்றை உடைத்துப் பார்த்தார்கள். அடுத்த ஏலத்தின் விலை அதற்கேற்ப ஏறியது, இறங்கியது. விலையை வீழ்த்த நினைப்பவர் தம் சிப்பி வெறுங்கூடு என்று புரளி கிளப்பவும் இடமுண்டு. ஆனால் மறுநாள் அவரே விலையேற்றிக் கேட்டால் குட்டு உடைந்துவிடும். கைப்பணம் போட்டவரின் சொல்லுக்கே சந்தையில் எடை.

இணையத்திலும் இதே வேறுபாடு தெரிகிறது. மேஸ்லின், டோவர், செவாலியே ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு தளங்களை ஒப்பிட்டது. எக்ஸ்பீடியாவில் அதன் வழியே அறை பதிவு செய்தவர் மட்டுமே எழுதலாம். டிரிப்அட்வைசரில் யாரும் எழுதலாம். அருகில் சிறு உரிமையாளரின் தனித்தியங்கும் விடுதி இருக்கும் விடுதிகளுக்கு, யாரும் எழுதக்கூடிய தளத்தில் மோசமான மதிப்பீடுகள் கூடுதலாக விழுந்திருந்தன. எழுதச் செலவில்லாத இடத்தில் பொய்க்கும் செலவில்லை. இந்தியா 2022இல் கொண்டுவந்த ஐஎஸ் 19000 தரநிலை, எழுதுபவரின் அடையாளத்தைச் சரிபார்க்கச் சொல்வதும் இதனால்தான். அறிமுகமானபோது அது கட்டாயமாக்கப்படாதது குறையே.

இத்தனைக்கும் மேல் ஒரு சிக்கல் உண்டு. நேர்மையான மதிப்பீடும் நேற்றையதைத்தான் சொல்லும். மன்னாரில் 1903 முதல் சலாபங்கள் தொடர்ந்து செழித்தன. அதைக் கண்டு ஒரு லண்டன் நிறுவனம், ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகையில் இருபது ஆண்டுகளுக்கு 1906இல் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. ‘பெரிய பார்’ என்ற திட்டில் இளஞ்சிப்பிகள் அடர்ந்து தோன்றி, அறுவடைப் பருவம் எட்டாமலே அழிந்துபோவதை விலங்கியலாளர் ஹெர்ட்மன் தம் அறிக்கையில் எழுதியே இருந்தார். 1907க்குப் பிறகு குத்தகைக்காரருக்குச் சலாபம் வாய்க்கவில்லை. முந்தைய கணக்குகளில் பொய் எதுவும் இல்லை. பிழை, மூன்று நான்கு பருவங்களின் நற்பெயரை இருபது ஆண்டுக்கு நீட்டிப் படித்ததில் இருந்தது.