தீவகத்தின் கற்களும் மக்களின் நினைவும்

நூதனசாலை பழம்பொருட் களஞ்சியம் மட்டுமன்று. எவற்றை நினைவிற் கொள்வது, எவற்றை மறப்பது என ஒரு சமுதாயம் செய்யும் தெரிவின் வெளிப்பாடுமாகும். 1793இல் பாரிசின் லூவர் அரண்மனை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது மன்னரின் உடைமை மக்களின் உடைமையாயிற்று. 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையோ குடியேற்ற ஆட்சியின் படைப்பு. எனவே, தெரிவு செய்வோர் யார் என்பதே அடிப்படை வினா. யாழ்ப்பாணத் தீவகத்தை முன்வைத்து இதனை நோக்குவோம்.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள கல்வெட்டை கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை அது. பரதேசி வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கப்படும். யானை, குதிரை ஏற்றிய மரக்கலம் சேதமுற்றால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவர்க்கும் உரியன. வணிகச் சரக்காயின் சரிபாதி. சிங்கள மன்னனின் இவ்வாணை தமிழிலே பொறிக்கப்பட்டது. இன்றைய இனவாதங்களின் அளவுகோலுக்குள் அடங்காத வரலாறு இது. பேரினவாதியும் குறுகிய தமிழினவாதியும் இதனை முழுமையாக வாசிக்க விரும்பார். எனினும், அக்கல்லிலே பேசுவோன் அரசன், பேசப்படுவோர் வணிகர். கலஞ்செலுத்தியோரும் சுமை தூக்கியோரும் அதிற் குரலற்றவர்கள்.

அக்குரலை நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளிலே தேடவேண்டும். சாந்தின்றி அடுக்கப்பட்ட அவ்வேலிகள் உழைப்பின் ஆவணங்கள். அங்குள்ள கோட்டையின் இடிபாட்டைப் பார்க்க வருவோர் போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் நினைவுகூர்கின்றனர். கல் சுமந்த கைகளை எவரும் கேட்பதில்லை.

அண்மைக்கால வரலாறு இன்னும் கடினமானது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியை அடுத்துக் கைதிகள் அடைக்கப்பட்ட ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை பின்னர் கடற்படையினர் நடத்தும் உல்லாச விடுதியாயிற்று. தென்னிலங்கைச் சிங்கள இளைஞரின் சிறை நினைவு அங்கு விருந்தோம்பலுள் மறைகிறது. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிற் குறைந்தது 23 பயணிகள் கொல்லப்பட்டனர். அவர்களது நினைவைப் பேணிவருவோர் உறவினரும் ஊராருமே. கல்வெட்டு, வேலி, சிறை, படகு என்னும் நான்கையும் ஒருங்கே காட்டத் துணியும் நூதனசாலையே தீவகத்தின் உண்மை வரலாற்றைச் சொல்லும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. நினைவை அழிப்போர் அதன் வலிமையை நன்கறிவர் என்பதற்கு அதுவே சான்று. நினைவைக் காப்போரும் அதனை அறிதல் வேண்டும். தொல்பொருளைத் திணைக்களத்திடமோ கோயில் நிர்வாகத்திடமோ மட்டும் ஒப்படைத்து அமைதியடைதல் போதாது. கடற்றொழிலாளரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் பெண்களும் தெரிவிலே பங்குகொள்ளும்போதுதான் நூதனசாலை சனநாயக நிறுவனமாகும்.