கரையும் உலோக எலும்பு உள்வைப்புகள்

முறிந்த எலும்பைச் சேர்த்துப் பிடித்திருந்து, எலும்பு கூடியபின் உடலுக்குள்ளேயே அரித்துக் கரைந்துபோகும் திருகு, ஆணி, தகடு வகைகள். மக்னீசியம், இரும்பு, துத்தநாகம் மூன்றும் இதற்காக ஆராயப்படுகின்றன. நோயாளியின் எலும்பு வரை வந்து சேர்ந்தவை பெரும்பாலும் மக்னீசியக் கலவைகளே.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய வாலாஜாபேட்டைப் பக்கம் 'கால்ல ராடு போட்டிருக்கு', 'கையில பிளேட் இருக்கு' என்று சொல்பவர்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். அவை டைட்டானியம் அல்லது துருப்பிடிக்காத எஃகு. அவற்றை எடுத்தாக வேண்டிய நிலை வந்தால் இன்னொரு அறுவை, இன்னொரு மயக்க ஊசி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு மறுபடியும் சம்பள இழப்பு. அந்த இரண்டாம் அறுவையைத் தவிர்ப்பதுதான் கரையும் உலோகத்தின் நோக்கம்.

இது புதிய யோசனை அல்ல. 1878-இல் எட்வர்ட் ஹியூஸ் என்ற மருத்துவர் இரத்தக்குழாய்களைக் கட்ட மக்னீசியக் கம்பியைப் பயன்படுத்தினார். 1906 வாக்கில் பெல்ஜிய அறுவை மருத்துவர் ஆல்பின் லம்பாட், முறிந்த கால் எலும்பில் மக்னீசியத் தகட்டை வைத்து எஃகு ஆணிகளால் பிடித்தார். எட்டே நாளில் தகடு சிதைந்தது. தோலுக்கடியில் வாயு திரண்டு நின்றது. உப்புள்ள உடல் திரவத்தில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் அது ஒரு மின்கலம். அதில் கரைவது மக்னீசியம்தான். 1938-இல் அமெரிக்காவின் மெக்பிரைட் மக்னீசியக் கலவையில் திருகும் தகடும் செய்து பார்த்தார். ஆனால் துருப்பிடிக்காத எஃகு அதற்குள் அறுவை அரங்கைப் பிடித்துக்கொண்டது. அசையாமல் கிடக்கும் உலோகத்தை நம்புவது எளிது.

உடலுக்குள் நடப்பது இதுதான். மக்னீசியம் நீருடன் வினைபுரிந்து மக்னீசியம் ஹைட்ராக்சைடாகவும் ஹைட்ரஜன் வாயுவாகவும் மாறுகிறது. ஒரு கிராம் உலோகம் முழுதும் கரைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயு வெளிவரும். ஹைட்ராக்சைடு மேலே படலமாகப் படிந்து காப்பாற்றப் பார்க்கும். உடல் திரவத்தின் குளோரைடு அதை உடைக்கும். பிறகு கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து அரிப்பை மட்டுப்படுத்தும். மெதுவாகக் கரைந்தால் வாயுவைத் திசு உறிஞ்சிவிடும். விரைந்தால் குமிழ் கட்டும். எக்ஸ்ரேயில் திருகைச் சுற்றித் தெரியும் கருநிழலைப் பழக்கமில்லாத கண் தொற்று என்றே எடுத்துக்கொள்ளக்கூடும்.

ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததைப் பார்த்தவர்களுக்கு, உலோகம் உடலில் கரைகிறது என்றதுமே பயம் வருவது இயல்பு. மக்னீசியத்தைப் பொறுத்தவரை அந்தப் பயம் பெரிதும் தேவையில்லை. வளர்ந்தவர் உடலில் சுமார் 25 கிராம் மக்னீசியம் உண்டு, பாதிக்கு மேல் எலும்பில். மிஞ்சுவதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வலிமைக்காகச் சேர்க்கும் அலுமினியம், அருமண் தனிமங்கள் பற்றிய கேள்விகளும் நியாயமானவை.

2005-இல் ஜெர்மனியின் ஃபிராங்க் விட்டே குழு, கினிப் பன்றிகளின் தொடை எலும்பில் வைத்த மக்னீசியத் தண்டுகளைச் சுற்றிப் புது எலும்பு கூடுதலாக வளர்ந்ததைக் காட்டியபின் ஆர்வம் திரும்பியது. 2013-இல் 'மேக்னெசிக்ஸ்' திருகு ஐரோப்பிய அனுமதி பெற்றது. தென்கொரியாவில் மக்னீசியம்–கால்சியம்–துத்தநாகத் திருகு 53 நோயாளிகளின் கை, மணிக்கட்டு எலும்புகளில் சோதிக்கப்பட்டது. எலும்பு ஆறு மாதத்துக்குள் கூடியது, திருகு ஓராண்டுக்குள் மறைந்து அந்த இடத்தில் எலும்பே நிறைந்தது. கரையக் கரைய வலிமையும் குறைவதால் இவை சிறிய எலும்புகளுக்கே உகந்தவை. தொடை முறிவுக்கு இவற்றை நம்ப முடியாது. இரும்பு வலுவானது, ஆனால் கரைய மிகவும் தாமதிக்கும். துத்தநாகத்தின் வேகம் நடுத்தரம். தூய நிலையில் அது மென்மையானது.

வேலூர் வி.ஐ.டி.யின் கீதா மணிவாசகமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சத்யம் சுவாஸும் 2014-இல் மக்னீசிய உள்வைப்புகள் பற்றி ஆய்வுத் தொகுப்பு வெளியிட்டனர். சென்னை ஐ.ஐ.டி.யில் டி. எஸ். சம்பத் குமார் குழு, சுழலும் கருவியால் மக்னீசியக் கலவைக்குள் எலும்புத் தாதுவான ஹைட்ராக்சிஅபடைட்டின் நுண்துகள்களைக் கலந்தது. உலோகத்தின் படிக மணிகள் சிறுத்தன. செயற்கை உடல் திரவத்தில் மேற்பரப்பில் தாது விரைவாகப் படிந்தது. ஆனால் ஆய்வகக் குவளையில் அளக்கும் அரிப்பு வேகமும் உயிருள்ள எலும்பில் நடப்பதும் ஒத்துப்போவதில்லை. பெரும்பாலும் உடலில் அது மெதுவாகவே நடக்கிறது.